ஆமைக்குளத்துக்குத் தண்ணீர் போன வழி

பருத்தித்துறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நான் போகவேண்டிய ஊர் பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில், குடாநாட்டின் மேற்கே இருக்கிறது. பருத்தித்துறையோ வடகிழக்கு மூலை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில், "ஏறுங்கோ, ஏறுங்கோ, உள்ளுக்கை போங்கோ" என்று நடத்துநர் கூப்பிட்ட மரியாதையில் மயங்கி, எந்த ஊர் பஸ் என்று கேட்பதற்கு முன்பே ஏறிவிட்டேன். எங்கள் காரைக்குடிப் பக்கம் நடத்துநர் இப்படியெல்லாம் கெஞ்சமாட்டார். ஜன்னலோர இருக்கை வேறு கிடைத்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கினேன். கண் விழித்தால் எதிரே கடல். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திவிட்டு, கிழக்கும் மேற்கும் தெரியாமல் கடைசி நிறுத்தத்தில் பையோடு நின்றேன்.

மீன் சந்தையில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பண்டத்தரிப்புக்குப் போறதுக்கோ அக்கா இஞ்சை வந்தனீங்கள்?"

"பஸ்ஸுல தூங்கிட்டேங்க."

"இந்தியாவோ? ஓம், அதுதான் பாத்தன்."

என் கதையை அவர் பக்கத்துக் கடைக்குச் சொன்னார். அது அடுத்த கடைக்குப் போனது. சந்தையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது? திரும்பிப் போகும் பஸ் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. "பருத்தித்துறைக்கு வந்திட்டு வடை சாப்பிடாமல் போறதோ?" என்று அவரே ஒரு கடையைக் கை காட்டினார். வடை என்றதும் மெதுவடையை நினைத்துக்கொண்டு போனேன். கிடைத்ததோ உள்ளங்கை அகலத்தில், மிளகாயும் பெருஞ்சீரகமும் போட்ட மொறுமொறு வட்டம். நம் ஊர்த் தட்டைக்கு அண்ணன் முறை. யாழ்ப்பாணம் திரும்புவதற்குள் வாங்கிய வடைப் பை காலி. வழி தவறியதற்கு வருத்தப்பட்டதாகப் பொய் சொல்லமாட்டேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு இருபது வருஷம் ஒரே பள்ளியில் கணக்கு எடுத்தவள் மங்கையர்க்கரசி. யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக் காலத்தில் படகேறி வந்து, காரைக்குடியிலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். ஊரில் அவள் பெயரில் இன்னும் ஒரு வளவு இருக்கிறது. நாலு பக்கமும் வேலி அடைத்த மனைக்கு அங்கே வளவு என்று பெயர். அதன் ஓரமாக முன்பு ஒரு வாய்க்கால் ஓடியதாம். இலுப்பைக்குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீரை அதுதான் ஆமைக்குளத்துக்குக் கொண்டுபோகும். இப்போது வாய்க்காலைக் காணோம். ஊர்க் குளக் குழுவினர் அதைத் திறக்க அவள் சம்மதம் கேட்டிருந்தார்கள்.

மங்கைக்கு முழங்கால் அறுவை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "எல்லாம் விவரமா எழுதியிருக்கிறன். நீ கொண்டுபோய்க் குடு. குளத்தையும் பாத்திட்டு வா" என்று ஒட்டிய உறை ஒன்றை என்னிடம் நீட்டினாள். குளம் என்றால் போதும், எனக்குத் தலை கால் புரியாது. எங்கள் ஊர் ஊருணியை ஞாயிறுதோறும் சுத்தம் செய்யும் ஆறு பெண்களில் நானும் ஒருத்தி. சம்மதக் கடிதம் கொண்டுபோகும் பெருமையில் மிதந்துகொண்டே போனேன்.

சரியான பஸ்ஸில் ஏறி ஊர் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. நிறுத்தத்தில் சைக்கிளைப் பிடித்தபடி இந்திரா காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். குளக் குழுவின் செயலாளர். மங்கையின் வளவைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். தேங்காய் பறிப்பிப்பது, குப்பை கூட்டுவது, வேலி அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. "மத்தியானம் வாறன் எண்டனீங்கள் ரீச்சர், எங்கை போனனீங்கள்?" என்றார். பருத்தித்துறை என்றதும் சைக்கிளின் கைபிடியில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

தங்கியதும் அவர் வீட்டில்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய். நான் மூன்றாம் முறை பிட்டு வாங்கியபோது குடிக்கத் தண்ணீர் வைத்தார். அது கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர். முற்றத்தில் கிணறு இருக்கிறதே என்று கேட்டேன். எழுந்துபோய் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கை குடித்துப் பார்த்தேன். உப்பு.

"ஏழெட்டு வருசமா வரவர உவர். முந்தி ஆமைக்குளத்திலை தண்ணி நிண்டா எங்கடை கிணறும் நல்ல தண்ணி. இப்ப குளம் காய்ஞ்சு கிடக்கு. மாரி முடிய வெங்காயம் நடவேணும் ரீச்சர். இந்தமுறையும் கிணறு திருந்தாட்டி, தோட்டத்தை விட்டிட்டு யாழ்ப்பாணத்திலை துணிக்கடைக்குத்தான் போகவேணும்."

அவர் அதை அழுது சொல்லவில்லை. நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொன்னார்.  வானொலியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றார்கள், மூன்று நாளில் பெருமழையாம். நல்ல நேரத்தில்தான் கடிதத்தோடு வந்திருக்கிறேன் என்று உறையை நீட்டினேன். இந்திரா வாங்கவில்லை. "நாளைக்குக் குழு முழுக்கக் கூழ் குடிக்க வருது. எல்லாருக்கும் முன்னாலை உடைப்பம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் இலுப்பைக்குளம். ஐப்பசி மழையில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கரை முழுக்க இலுப்பையும் மருதும் நாவலும். எங்கள் கண்மாய்களில் சீமைக் கருவேலத்தைத் தவிர வேறு மரம் பார்ப்பதே அபூர்வம். இங்கே ஒவ்வொரு மரத்திலும் கொக்கு, நீர்க்காகம், நாரை. அண்ணாந்து பார்த்தபடியே நடந்து சேற்றில் கால் வைத்தேன். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. மற்றதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

கரையில் ஒரு சிங்களத் தம்பதி பெரிய கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள். குருநாகலிலிருந்து வந்தவர்களாம். அந்த அம்மா கணவரிடம் படபடவென்று ஏதோ சொன்னார். இந்திராவுக்குச் சிங்களம் தெரியும். என் காதுக்குள் மொழிபெயர்த்தார்: "'எங்கடை ஊர்ப் பெரிய குளத்திலையும் இவ்வளவு கொக்கு இல்லை, உங்கை பாருங்கோ, குஞ்சும் நிக்குது' எண்டு சொல்லுறா." கணவர் உதட்டில் விரல் வைத்து ஒரே ஒரு வரி சொன்னார். "அவர் என்னவாம்?" என்றேன். "'நீ கதைச்சா எல்லாம் பறந்திடும்' எண்டுறார்." எல்லா ஊரிலும் கணவர்கள் ஒரே ரகம்தான்.

குளத்தின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் வழுவழுப்பான ஒரு கல் நட்டிருந்தது. ஆவுரோஞ்சிக்கல். தண்ணீர் குடிக்க வரும் மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்காக யாரோ புண்ணியவான் நட்டது. மாட்டுக்கு முதுகு அரிக்குமே என்று யோசித்து ஒரு கல் நடுகிற மனசு யாருக்கு வரும்? எனக்கும் முதுகில் கொசு கடித்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நானும் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டேன். பரமசுகம். இந்திரா வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

குளத்திலிருந்து சோலைக்குள் வாய்க்கால் போகிறது. குழுவினர் இரண்டு மாதமாக ஞாயிறு ஞாயிறாகத் தூர் வாரியிருக்கிறார்கள். ஒரு மரத்தையும் வெட்டவில்லை. குறுக்கே மரம் நின்ற இடத்தில் வாய்க்கால் வளைந்து போகிறது. இலுப்பைகள் முடிந்ததும் பனங்கூடல், அதாவது பனைகளின் கூட்டம். உச்சியில் காற்று சலசலக்க, கீழே எட்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் சுத்தமான வாய்க்கால். நான் அதற்குள் இறங்கியே நடந்தேன். கால் கிலோமீட்டர் போனதும் சட்டென்று முடிந்துவிட்டது. எதிரே வேலி.

ஒன்றல்ல, இரண்டு வேலிகள், முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. கிளுவையும் பூவரசும் பின்னிப் பிணைந்து, கீழே சருகும் மண்ணும் மேடிட்டு, ஒரு கோழிகூட நுழைய முடியாது. தெற்குப் பக்கத்து வேலி மங்கையுடையது. வடக்குப் பக்கத்து வேலி பரமானந்தம் என்பவருடையது. இப்படி நாற்பது அடி தூரம். அதைத் தாண்டி, ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் சந்துக்குக் கீழே பழைய மதகு, அதற்கும் அப்பால் ஆமைக்குளம். நாற்பது அடிக்காக ஒரு குளம் காய்ந்து கிடக்கிறது.

பத்து மணிக்குச் சோலையில் கூழ். காய்ச்சியவர் அதே பரமானந்தம்தான். எல்லாருக்கும் அவர் பரமண்ணை. அறுபது வயது, இடுப்பில் துவாய், கையில் நீளமான அகப்பை. கூழ் காய்ச்சுவதில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். பனங்கிழங்கு மாவு, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் புளியும் மிளகாயும் சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்தன. பனையோலையை மடித்துக் குடுவைபோலக் கட்டிய பிளாவில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் உறிஞ்சினேன். மூக்கு, கண், காது எல்லாவற்றிலும் தண்ணீர். நிறுத்த மனமில்லை. இரண்டாவது பிளாவை நீட்டியபோதுதான் இந்திரா எல்லார் முன்னிலையிலும் உறையைக் கிழித்தார்.

மங்கை கணக்கு டீச்சர் அல்லவா, எண் போட்டு எழுதியிருந்தாள். இந்திரா சத்தமாக வாசித்தார். "ஒன்று: வாய்க்காலை விழுங்கியது பரமானந்தம் அவர்களின் வேலி. இரண்டு: முதலில் அது பின்னுக்குப் போகட்டும். மற்றவை பிறகு. மூன்று: எனது காணியில் ஓர் அங்குலமும் தரச் சம்மதமில்லை."

என் முகத்தில் ஈயாடவில்லை. பிளா பாதி வழியில் நின்றது. பரமண்ணை அகப்பையை மெதுவாகப் பானைக்குள் சாய்த்து வைத்தார்.

"என்ரை வேலி ஒரு அங்குலமும் அரக்கேல்லை. அரக்கினது அவவின்ரை வேலி. அவ முதல்லை பின்னுக்குப் போகட்டும், நான் பிறகு போறன்" என்றார். அரக்குவது என்றால் மெல்ல நகர்த்துவது. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் பிளாவை நீட்டுங்கோ ரீச்சர். கூழுக்கும் வேலிக்கும் சம்பந்தமில்லை."

நீட்டினேன். அந்தக் கூழ் எப்படி உள்ளே இறங்கியது என்று எனக்கே தெரியாது. நல்ல சேதி என்று நினைத்து, சண்டைக்கான ஓலையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறேன்! மங்கை மேல் வந்த கோபத்தில் அன்று முழுக்க அவளுக்குப் போன் பண்ணவில்லை.

மூன்றாம் நாள் காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிடும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வாய்க்காலின் ஒரு முனை சோலையில் இருக்கிறது. மறுமுனை மதகில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தால் வாய்க்கால் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடாதா? இதற்கு எதற்குக் கடிதமும் கோபமும்? கொத்தனார் ஒருவரிடம் நூலும் நாடாவும் இரவல் வாங்கினோம். பரமண்ணையும் வந்தார். தன் பக்கம் சுத்தம் என்று நிரூபிக்க அவருக்கு என்னைவிட அவசரம்.

வேலிக்குள் கையை விட்டு நூலை இழுத்து, இரண்டு கரைக்கும் இரண்டு நூல் கட்டி முடிக்கும்போது கை முழுக்கக் கிளுவை முள் கீறல். அளந்து பார்த்தேன். பரமண்ணையின் வேலி வாய்க்காலுக்குள் மூன்றே முக்கால் அடி வந்திருந்தது. மங்கையின் வேலி நாலரை அடி. இரண்டையும் கூட்டினால் வாய்க்காலின் அகலம். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

பரமண்ணை நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரீச்சர், சத்தியமாச் சொல்லுறன். நான் ஒருநாளும் களவா வேலி அரக்கினதில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று முகமே சொன்னது.

"சரிண்ணே, நீங்க வேலி எப்படி அடைப்பீங்க? செஞ்சு காட்டுங்க" என்றேன்.

அவர் ஒரு பூவரசங் கம்பை வெட்டி எடுத்தார். வேலிக்கு நடும் உயிர்க் கம்பைக் கதியால் என்கிறார்கள். அது வேர்விட்டு மரமாகிவிடும். "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வேலி அடைக்கிறது. பழைய கதியால் பட்டுப்போகும். ஆனா கட்டையும் வேரும் நிலத்துக்கை நிக்குமெல்லோ? அதிலை நடேலாது. அப்ப, ஒரு சாண் வெளியிலை தள்ளி..."

கம்பை ஊன்றப்போன கை அப்படியே நின்றது. அவர் நூலைப் பார்த்தார். இந்திரா நூலைப் பார்த்தார்.

"ஏன் வெளியில தள்ளணும்? உள்ளே தள்ளி நடலாமே?" என்று கேட்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டையை ஏன் தலைகீழாகப் போடவில்லை என்று கேட்டதுபோல. "உள்ளுக்கை நட்டாக் காணி குறைஞ்சிடுமெல்லோ!" என்றார் பரமண்ணை. நான் மனக்கணக்குப் போட்டேன். ஒரு சாண் முக்கால் அடி. மூன்றே முக்கால் அடிக்கு ஐந்து சாண், நாலரை அடிக்கு ஆறு சாண். அவருக்கு மட்டும் ஏன் ஒன்று குறைகிறது? கேட்டேவிட்டேன். பரமண்ணை தலையைச் சொறிந்தார். "ஒருமுறை எனக்குக் கால் முறிஞ்சு கிடந்தது. அடைக்கேல்லை" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். களவாணியே இல்லாமல் ஒரு வாய்க்கால் களவுபோயிருக்கிறது! பெரிய மர்மத்தைக் கண்டுபிடித்தவள்போலக் குதிக்காத குறைதான். அப்போதுதான் இந்திராவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வேலியோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ரீச்சர், மங்கை அக்காவின்ரை வேலியைப் பன்னிரண்டு வருசமா நான்தான் அடைக்கிறனான். ஆறுதரம். வடிவா, நேரா, ஒவ்வொருதரமும் ஒரு சாண் தள்ளி. அக்கான்ரை காணி ஒரு அங்குலமும் குறையக்கூடாதெண்டு." அவர் குரல் இறங்கிவிட்டது. "என்ரை கிணத்தை நானே உவராக்கிப்போட்டன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பரமண்ணைதான், "உவள் மட்டுமோ, நானுந்தான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் முதலில் தன் வேலியை வெட்டுவதாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் வேலியில் முதலில் கை வைத்தவர் தோற்றவர்.

சாயங்காலம் மங்கைக்குப் போன் பண்ணி நூல் பிடித்த கதையைச் சொன்னேன். இந்திராவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"நாலரை அடியோ? நீ நூலைப் பிழையாப் பிடிச்சிருப்பாய்!"

"நூலுக்கு என்னடி தெரியும், யாரு காணின்னு?"

"உவன் பரமன் சின்னனிலை என்ரை கொப்பியைப் பாத்துக் கணக்குச் செய்தவன். அவன் முதல்லை வெட்டட்டும். அதுவரைக்கும் என்ரை வேலியிலை ஆரும் கை வைக்கப்படாது. நீயும்தான்."

வைத்துவிட்டாள். வானொலியில் தாழமுக்கம் நாளை இரவு கரைக்கு வரும் என்றார்கள்.

நாலாம் நாள் காலை, வெட்டும் சத்தம் கேட்டு விழித்தேன். மேகம் தலைக்கு மேல் இறங்கியிருந்தது, காற்றில் பனைகள் பேயாட்டம் போட்டன. ஓடிப்போய்ப் பார்த்தால் இந்திரா தனியாக மங்கையின் வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். கைகளில் ரத்தம். சத்தம் கேட்டு ஒழுங்கையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை.

"இந்திரா, மங்கை சம்மதிக்கலையே!"

"தெரியும் ரீச்சர். அக்கா என்னை வளவாலை கலைச்சாலும் பறவாயில்லை. நட்டது நான். பிடுங்கிறதும் நான்தான்."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மங்கை. இருபது வருஷச் சிநேகிதம் கையில் கிடந்து துடித்தது. எடுத்தால் நிறுத்தச் சொல்வாள். நிறுத்தினால் இன்றைக்கு இரவு பெய்யும் மழை முழுக்கத் தெருவில் ஓடிக் கடலுக்குப் போகும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போனை இந்திராவின் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கதியாலைப் பிடித்து ஆட்டினேன். வேரோடு வந்தது. அப்படி ஒரு சந்தோஷம்! பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பத்தடி தூரம் திறந்திருப்போம். எதிரே பரமண்ணை வந்து நின்றார். ஒழுங்கையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். இங்கே வேலி வெட்டினால் கோர்ட்டு வரை போகும் என்று மங்கை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவர் விழுந்து கிடந்த கதியால்களைப் பார்த்தார். இந்திராவின் கையைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். படலை என்னும் வேலிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. இந்திரா நிமிரவே இல்லை, வெட்டிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் படலை திரும்பவும் திறந்தது. பரமண்ணை தோளில் கோடாலி, கையில் மண்வெட்டி.

"பாதி வாய்க்காலுக்காலை தண்ணி போகுமோ? தள்ளி நில்லுங்கோ ரீச்சர், முள்ளுக் குத்தும்" என்றபடி தன் வேலியின் முதல் கதியாலில் ஓங்கிப் போட்டார்.

அவ்வளவுதான், ஒழுங்கை முழுக்க உள்ளே வந்துவிட்டது. யாரோ மண் அள்ளினார்கள், யாரோ வேர் வெட்டினார்கள், ஒருவர் பெரிய கேத்தலில் தேத்தண்ணியும் கூடவே பாண் ரொட்டியும் கொண்டுவந்தார். பிடுங்கிய கதியால்களை வீணாக்கவில்லை. ஆமைக்குளத்தின் வெறுங்கரையில் கொண்டுபோய் வரிசையாக நட்டோம். மழை பிடித்தால் வேர்விட்டுவிடும். மூன்று மணிக்கு மதகின் வாய் தெரிந்தது. முதல் துளி விழும்போது எல்லாரும் சேற்றுப் பொம்மைகள். போனில் மங்கையின் தவறிய அழைப்புகள் பதினொன்று. திரும்பக் கூப்பிட்டு, "வெட்டிட்டோம், நானும்தான் வெட்டினேன்" என்றேன். அவள் பட்டென்று வைத்துவிட்டாள்.

இரவு முழுக்க மழை கொட்டியது. விடியற்காலையில் இந்திரா கதவைத் தட்டி, "ரீச்சர், கெதியா வாங்கோ, குளம் வழியப்போகுது!" என்றார். குடைகூட எடுக்காமல் ஓடினோம். இலுப்பைக்குளம் கரை தொட்டு நின்றது. நாங்கள் பார்க்கப் பார்க்கவே விளிம்பைத் தாண்டி ஒரு நாக்கு வாய்க்காலுக்குள் இறங்கியது.

தண்ணீரின் முனையோடு கூடவே நடந்திருக்கிறீர்களா? அன்றைக்குத்தான் நானும் நடந்தேன். சருகுகளைச் சுருட்டிக்கொண்டு, குமிழி விட்டுக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் நின்று நிரப்பிவிட்டுப் புறப்படும். தவளைகள் முன்னால் குதித்தன. ஊரே இரண்டு பக்கமும் கூட நடந்தது. பனங்கூடலில் வேகம் கூடி, நடந்தவர்கள் ஓடத் தொடங்கினோம். ஐம்பத்தெட்டு வயதில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடினேன். வேலி இருந்த இடம் வந்தது. எல்லாரும் நின்றுவிட்டோம். தண்ணீர் நிற்கவில்லை. நாற்பது அடியையும் ஒரே ஓட்டமாகக் கடந்து மதகுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் ஆமைக்குளத்தின் காய்ந்த மண்ணில் விழுந்தது. நான் கத்திய கத்தலில் கொக்குகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

ஈரக் கையோடு மங்கைக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். எடுப்பாளோ என்று சந்தேகம்தான். எடுத்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.  போனைத் தண்ணீர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அப்போது இந்திரா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அக்கா, உங்கடை வேலியைப் பன்னிரண்டு வருசமா வெளியிலை தள்ளி நட்டது நான்தான். நேற்று முதல்லை வெட்டினதும் நான்தான். ரீச்சரிலை பிழை இல்லை."

மங்கை திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து தண்ணீரைப் பார்த்தாள். 

"இனி வேலியை ஆர் அடைக்கிறது?" என்றாள் கடைசியில்.

"நீங்கள் விட்டா நான்தான் அக்கா. ஆனா இனி உள்ளுக்கைதான் நடுவன். ஒவ்வொருதரமும் ஒரு சாண்."

"பரமன் எவ்வளவு உள்ளுக்கை நடுறானாம்?"

வாய்க்காலின் மறுகரையில் தொப்பலாக நனைந்து நின்ற பரமண்ணைக்குக் கேட்டுவிட்டது. "நானும் ஒரு சாண்தான் எண்டு சொல்லு!" என்று கத்தினார்.

"அப்ப நீ எங்கடையை ரெண்டு சாண் உள்ளுக்கை நடு" என்றாள் மங்கை.

இந்திரா போனை என் கையில் கொடுத்துவிட்டு, ஓடுகிற தண்ணீருக்குள் அப்படியே உட்கார்ந்து அழுதார்.